துப்பாக்கி சூடானதாலா குறி தப்புகிறது? வெயிலில் நீளும் பயிற்சியில் உண்மையில் தளர்வது எது?

முதல் 20 தோட்டாக்கள் நடு வளையத்தைச் சுற்றியே விழுகின்றன. ஒரு மணி நேரம் கழித்து அதே கை, அதே துப்பாக்கி, அதே 25 மீட்டர். ஆனால் ஓட்டைகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் மதிய வெயிலில் கைத்துப்பாக்கிப் பயிற்சி எடுப்பவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "துப்பாக்கி சூடாயிடுச்சு, அதான்."

உண்மையில் அந்தச் சூட்டுக்கு இதில் எவ்வளவு பங்கு? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால், பதில் பலருக்கு வியப்பாக இருக்கும்.

இந்தக் கேள்வி யாருக்கு முக்கியம்?

மலேசியாவில் துப்பாக்கி எல்லார் கையிலும் இருக்கும் பொருள் அல்ல. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, போலீஸ் வழங்கும் உரிமம் இல்லாமல் அதை வைத்திருக்க முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம், துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையை மேலும் கடுமையாக்கியது. அதனால் இங்கே சுடுதளத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் போலீசார், துணை போலீஸார், ஆயுதம் ஏந்தும் பாதுகாவலர்கள், பதிவு பெற்ற சங்கங்களின் விளையாட்டு வீரர்கள்.

விளையாட்டுப் பக்கமும் ஆர்வம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டின் துப்பாக்கி சுடும் போட்டிகள் சுபாங் சுடுதளத்தில் நடந்தன. 2027 சீ விளையாட்டையும் மலேசியாதான் ஏற்று நடத்துகிறது. தமிழ் ரசிகர்களுக்கு இந்த விளையாட்டை நெருக்கமாக்கியவர் நடிகர் அஜித் குமார். 2021, 2022ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு மாநில அளவிலான துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொண்டு அவர் பதக்கங்கள் வென்றார்.

ஆனால் இதில் பெரிய பொறுப்பு இருப்பது பாதுகாவலர்களுக்கும் போலீசாருக்கும்தான். விளையாட்டில் குறி தப்பினால் புள்ளி போகும். கூட்டம் நிறைந்த தெருவில் தப்பினால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

துப்பாக்கியின் சூடு எவ்வளவு செய்யும்?

துப்பாக்கி சூடாவது உண்மை. தொடர்ந்து சுட்டால் குழலைத் தொட முடியாது. ஆனால் அந்தச் சூடு குறியை எவ்வளவு நகர்த்தும்?

முதலில் குழல். எஃகு சூடானால் விரியும். 10 சென்டிமீட்டர் நீளக் குழல் 80 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினாலும், அது நீள்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். நீளமான, மெல்லிய ரைபிள் குழல் சூட்டில் லேசாக வளைந்து, 100 மீட்டர், 300 மீட்டர் தூரத்தில் வித்தியாசம் காட்டலாம். கைத்துப்பாக்கிக் குழல் குட்டையானது, தடிமனானது. சுடும் தூரமும் குறைவு.

அடுத்தது தோட்டா. வெயிலில் கிடந்த தோட்டாவில் மருந்து சற்று வேகமாக எரியும். குண்டின் வேகம் கூடும். நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 25 மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் கீழே இறங்கும். அதன் வேகம் 5 விழுக்காடு கூடிவிட்டது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் இறக்கத்தில் வரும் வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 25 மீட்டர் நிதானச் சுடுதலுக்கான தாளில் 10 புள்ளி வளையத்தின் விட்டமே 50 மில்லிமீட்டர்!

குழலில் கரியும் ஈயமும் படிவது, எண்ணெய் வறண்டு மேல்பகுதி தடங்கலாக நகர்வது, ஒரு திருகு தளர்வது ஆகியவையும் நடக்கும். இவற்றைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மணி நேரத்தில் குறி தாள் முழுக்கச் சிதறுவதற்கு இவை மட்டும் காரணமாக இருப்பது அரிது.

ஒரு மில்லிமீட்டர் பிசகினால்?

இப்போது இன்னொரு கணக்கு. குறி பார்க்க, குழல் நுனியில் ஒரு சிறு முளையும் பின்பக்கம் ஒரு பிளவும் இருக்கும். அந்த முளை பிளவின் நடுவில் சரியாக நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசையை இழுக்கும் நேரத்தில் முன் முளை வெறும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. 25 மீட்டரில் குண்டு எவ்வளவு தள்ளிப் போகும்?

சுமார் 15.6 சென்டிமீட்டர். நடுவில் 10 புள்ளி எடுத்திருக்க வேண்டிய குண்டு 4 புள்ளி வளையத்தில் போய் உட்காரும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டாவின் சூடு தருவது இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். கையின் ஒரு மில்லிமீட்டர் நடுக்கம் தருவது 156 மில்லிமீட்டர். அப்படியென்றால் தேட வேண்டிய இடம் எது என்பது புரியும். சூடானது துப்பாக்கி, தளர்ந்தது அதைப் பிடித்திருக்கும் ஆள்.

உடம்பில் என்னதான் நடக்கிறது?

கை: நீட்டிய கையில் ஒரு கிலோ எடையை நிறுத்திப் பிடிப்பது முதல் பத்து முறை எளிது. ஐம்பதாவது முறை அப்படி இருக்காது. எல்லார் கையிலும் இயல்பாகவே ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. தசை களைக்கக் களைக்க அது பெரிதாகும். பிடி தளர்ந்ததும் நம்மை அறியாமலே இறுக்கிப் பிடிப்போம்; அந்த இறுக்கமே நடுக்கத்தைக் கூட்டும். உள்ளங்கை வியர்த்தால் கதையே வேறு: ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிடி கொஞ்சம் நழுவி, வேறு இடத்தில் உட்காரும்.

கண்: குறி பார்க்கும்போது கண் கூர்ந்து பார்க்க வேண்டியது இலக்கை அல்ல, கையெட்டும் தூரத்தில் இருக்கும் முன் முளையை. அதில் கவனத்தை நிறுத்த கண்ணின் உள்தசை உழைக்க வேண்டும். நேரமாக ஆக முளை மங்கலாகத் தெரியும். பார்வை தானாக இலக்குக்கு ஓடும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இது சீக்கிரமே வரும். இதோடு கண்ணில் இறங்கும் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடியில் படியும் ஆவியைப் பற்றி கண்ணாடி போட்டவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

இதயம்: வெயிலில் உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலை நோக்கித் திருப்பப்படுகிறது. வியர்வையில் நீரும் போய்விடுகிறது. அதனால் அதே வேலைக்கு இதயம் கூடுதல் வேகத்தில் துடிக்க வேண்டியிருக்கிறது. நீட்டிய கையில் ஒவ்வொரு துடிப்பும் துப்பாக்கி முனையில் ஒரு சிறு அசைவாகத் தெரியும்.

மனம்: கைத்துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபெலைத் தாண்டும். காதுக் கவசம் போட்டிருந்தாலும் உடம்பு அந்த அதிர்வை உணர்கிறது. ஐம்பது, அறுபது முறை ஆனபின், வெடிக்கப் போகிறது என்று தெரிந்தே கை முன்கூட்டித் துள்ளும், கண் சிமிட்டும். வலக்கைக்காரர்களுக்கு அப்போது குண்டு பெரும்பாலும் இடப்பக்கம் கீழே விழும். களைப்பு கூடினால் இதை அடக்கும் கவனமும் குறையும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏன் சீக்கிரம் வருகிறது?

வியர்ப்பதால் மட்டும் உடல் குளிராது. வியர்வை காற்றில் உலர வேண்டும். நம் ஊர்க் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வெப்பநிலை 33 பாகையாகவே இருந்தாலும் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். நீர் போகும், குளிர்ச்சி கிடைக்காது.

ஒரு பகுதியில் வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாளுக்கு 35 முதல் 37 பாகை வரை இருந்தால், மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை கொடுக்கும். ஆனால் சுடுதளத்தில் கை நடுங்க அவ்வளவு சூடு தேவையில்லை. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடு நீர் இழந்தாலே பலருக்கும் கவனம் குறையத் தொடங்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.4 லிட்டர்தான். முழுக்கைச் சட்டை, தடித்த உடுப்பு, தலையில் தொப்பி, நிழலில்லாத தளம் என்றால் அவ்வளவும் போக இரண்டு மணி நேரம் போதும்.

துப்பாக்கியா, ஆளா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தாளைப் பாருங்கள். ஓட்டைகள் நெருக்கமாகவே இருந்து, மொத்தமும் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் துப்பாக்கியின் குறி அமைப்பைச் சந்தேகிக்கலாம். நாலா பக்கமும் சிதறியிருந்தால் முதலில் ஆளைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, அந்தச் சூடான துப்பாக்கியையே களைக்காத ஒரு பயிற்றுநரிடம் கொடுத்து ஐந்து தோட்டா சுடச் சொல்லுங்கள். ஓட்டைகள் நெருக்கமாக விழுந்தால் சந்தேகம் தீர்ந்தது. பயிற்றுநரே தோட்டாக்களுக்கு நடுவில், உங்களுக்குத் தெரியாமல், ஒரு போலித் தோட்டாவைக் கலந்து தருவதும் பழைய வழிதான். வெடிக்காத அந்த நேரத்தில் துப்பாக்கி முனை குனிந்தால், கை முன்கூட்டித் துள்ளுகிறது என்று அர்த்தம்.

இன்னொரு சாட்சியும் உண்டு. ரியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் மலேசியாவின் ஜொனாதன் வோங் கலந்துகொண்ட 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் வெடிமருந்தே இல்லை. குழல் சூடாகும் பேச்சுக்கே இடமில்லை. அங்கேயும் 75 நிமிடத்தில் 60 தோட்டா சுடுவதற்கு உடலையும் கவனத்தையும் கடைசிவரை காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

சரி, அப்போ என்னதான் செய்யறது?

போட்டி விதிகளிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பெண்களுக்கான 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியின் நிதானச் சுற்றில் 30 தோட்டாக்களையும் ஒரே மூச்சில் சுடுவதில்லை. ஐந்து ஐந்தாக, ஒவ்வோர் ஐந்துக்கும் ஐந்து நிமிடம். பயிற்சியிலும் இதையே கடைப்பிடிக்கலாம். ஐந்து சுட்டதும் துப்பாக்கியைக் காலி செய்து கீழே வையுங்கள். நிழலுக்குப் போங்கள், கையைத் தொங்கவிடுங்கள், தூரத்துப் பச்சையைப் பாருங்கள்.

குறி வைத்து எட்டு, பத்து நொடிக்குள் சுட முடியாவிட்டால் கையை இறக்கிவிடுங்கள். "இவ்வளவு நேரம் பிடிச்சாச்சு, சுட்டுடுவோம்" என்று இழுப்பதுதான் பெரும்பாலும் வெளியே போகும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். நீண்ட பயிற்சி என்றால் உப்புச்சத்துள்ள பானமும் தேவை. கையைத் துடைக்கத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாப் பெட்டியை வெயிலில் விடாதீர்கள். முடிந்தால் காலையிலேயே தொடங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எப்போது நிறுத்துவது என்பது. ஓட்டைகள் சிதறத் தொடங்கிய பிறகு சுடும் ஒவ்வொரு தோட்டாவும் தவறான பழக்கத்தையே கைக்குக் கற்றுக்கொடுக்கிறது. நன்றாகச் சுட்ட 40, களைத்துச் சுட்ட 100ஐவிட மேல். தலைவலி, மயக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் குறியைப் பற்றிய பேச்சே வேண்டாம். உடனே துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு நிழலுக்குப் போக வேண்டும். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம், 999ஐ அழையுங்கள்.

தெருவில் நிற்பவரின் கை

இனி இதைச் சுடுதளத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, தீபாவளி நெரிசலில் ஒரு நகைக்கடை வாசலில் ஆயுதத்தோடு நிற்கும் பாதுகாவலரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து நிற்கிறார். மாலை நான்கு மணிக்கு அவருக்கு இருப்பது முதல் 20 தோட்டாக்களைச் சுட்ட கை அல்ல, கடைசி 20ஐச் சுட்ட கை.

அதனால், காலை வேளையில் தெம்பாக எடுத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒருவரின் திறனை எடைபோட்டால், பாதிதான் தெரியும். களைத்த நிலையில் அவர் குறி எவ்வளவு தளர்கிறது என்பதை முதலாளிகளும் பயிற்றுநர்களும் அறிந்திருக்க வேண்டும். பாதுகாவலருக்கு ஒரு நாற்காலி, நிழல், தண்ணீர், மாற்று ஆள் கொடுப்பதைக் கருணை என்று மட்டும் நினைக்கக் கூடாது. அந்தத் தெருவில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் எல்லாருடைய பாதுகாப்பும் அதில் இருக்கிறது.