ஒரு புள்ளியா, மூன்று புள்ளிகளா?



கடந்த மே மாத விடுமுறையில் குடும்பமாக ஏற்காட்டில் மூன்று நாட்கள் தங்கியிருந்தோம். வேலியோரச் செடியொன்றில், ஆரஞ்சு நிறச் சிறகும் கறுத்த நுனியில் வெள்ளைப் பட்டையும் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தமர்ந்தது. "வெந்தய வரியன்" என்று பிள்ளைகளிடம் உடனே சொல்லிவிட்டேன். எருக்கஞ்செடியில் வளரும் அந்த இனத்தை நம் ஊரிலேயே பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே மறுமுறை உற்றுப்பார்க்கத் தோன்றவில்லை.

என் இளைய மகளோ கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, "அப்பா, பின்சிறகில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளிதானே இருக்கிறது?" என்றாள். அவள் கண்டது சரியே. வெந்தய வரியனின் பின்சிறகு நடுவில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். நாங்கள் கண்டதில் மேல்விளிம்பை ஒட்டி ஒன்றே இருந்தது. சிறகின் ஓரமும் நெளிநெளியாக இருந்தது. அது டானைட் எக்ஃப்ளை என்னும் வேறோர் இனத்தின் பெண். அதன் ஆண், கரிய சிறகில் பெரிய வெண்வட்டங்கள் உடையது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஓரினம் என்றே நம்பமாட்டோம்.

வெந்தய வரியனின் புழு எருக்கைத் தின்று வளர்வதால் அதன் நச்சு பூச்சியின் உடலிலும் தங்குகிறது. ஒருமுறை கடித்துப் பார்த்த பறவை மறுமுறை அந்த நிறத்தை அண்டாது. எக்ஃப்ளையின் புழுவோ பருப்புக்கீரை போன்ற செடிகளை உண்பது. அதில் அந்த நச்சு இல்லை. கசப்பானதின் சட்டையை அணிந்தே அது உயிர் தப்புகிறது. இத்தகைய ஒப்புமையை ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-இல், அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு விளக்கினார்.

பறவைக்குத் தீர்மானிக்க ஒரு கணமே உண்டு; அது ஏமாறுவதில் குற்றமில்லை. நமக்கோ நேரம் இருக்கிறது. சிறகு விரிந்திருக்கையில் ஒரு படமும் மூடியிருக்கையில் ஒரு படமும் எடுக்கலாம். அமர்ந்த செடியைக் குறித்துக்கொள்ளலாம். நிறத்தை விட்டுப் புள்ளிகளையும் ஓரத்தையும் எண்ணிப் பார்க்கலாம். அப்படியும் தெளியாவிட்டால், "தெரியவில்லை" என்று எழுதிவைப்பதே நேர்மை. தவறான பெயரைவிடப் பெயரின்மை மேலானது என்பது என் கருத்து.

இதை எழுதுகையில் ஒரு வாலிபன் நினைவுக்கு வருகிறான். சில ஆண்டுகளுக்கு முன் அவன் கேட்ட நற்சான்றுக் கடிதத்தை மறுத்தேன். முகச்சாயலிலும் பேச்சிலும் அவன் தன் அண்ணனைப் போலவே இருந்தான். அண்ணனைப் பற்றி நான் அறிந்தது உண்மை. தம்பியைப் பற்றியோ ஒன்றுமே அறியேன். பின்பு விசாரித்து, கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்திருந்தது. அவன் என்மேல் கோபங்கொள்ளவில்லை. அதுவே எனக்கு அதிகம் வலித்தது.

பூச்சிக்குத் தவறான பெயரிட்டால் அதற்கு ஒன்றும் குறையாது. மனிதனுக்கு அப்படியன்று. இந்த வாரம் யாரையேனும் "இவனும் அவனைப் போலத்தான்" என்று சொல்ல வாயெடுக்கையில், ஒரு கணம் நின்று புள்ளிகளை எண்ணுவோம்.