ஆமைக்கு வழிவிடும் வலை

உழவர் பெருமக்களுக்கான இப்பகுதியில் இவ்வாரம் கடலைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. 2025 ஜனவரியில் சென்னையில் பெசன்ட் நகர், நீலாங்கரை உள்ளிட்ட கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. முட்டையிடும் பருவத்தில் கரை நாடி வந்தவை அவை. ஆமை நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சு விடுவது. விசைப்படகின் இழுவலையில் சிக்கி மணிக்கணக்கில் நீருக்குள் இழுபட்டால் மூச்சு முட்டி இறந்துவிடும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர் 1970களில் இக்கரைகளில் இரவெல்லாம் நடந்து ஆமைகளை ஆராய்ந்தார். 1988-ல் மாணவர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கி, முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். போற்றத்தக்க பணி. ஆனால் கரையில் முட்டையைக் காத்தால் போதாது. கடலில் தாயையும் காக்க வேண்டும்.

அதற்குக் கருவி உண்டு. இழுவலையின் பைக்கு முன்னால் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்துவார்கள். இறால் கம்பிகளின் இடைவெளியில் புகுந்து பைக்குள் சேரும். ஆமை சட்டத்தில் முட்டி, அங்குள்ள திறப்பு வழியே வெளியேறும். நாம் தானியம் சலிக்கும் சல்லடை போன்றதே இது. இதற்கு அடிகோலியவர் விஞ்ஞானி அல்லர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து இறால் மீனவர் சிங்கி பூன். ஜெல்லி மீன் தொல்லை தாங்காமல் 1960களில் அவர் செய்த சட்டமே பின்னர் ஆமைக்கும் உதவியது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையமும் நம் கடலுக்கேற்ற கருவியை வடிவமைத்துள்ளது.

பின் ஏன் பரவவில்லை? "திறப்பு வழியே இறாலும் போய்விடுமே" என்று மீனவர் அஞ்சுகிறார். இதை அறியாமை என்று தள்ளுவது தவறு. புதிய ரகம் என்றால், "மகசூல் குறைந்தால் யார் ஈடு தருவது?" என்று நீங்கள் கேட்பதில்லையா? ஆராய்ச்சிப் பண்ணையின் விளைச்சலைச் சொன்னால் எவரும் நம்புவதில்லை. பக்கத்து வயலில் கண்டால்தான் நம்புவர். விரிவாக்கப் பணியில் நான் கற்ற பாடம் இது.

ஆகவே செயல்விளக்கம் மீனவரின் சொந்தப் படகிலேயே நடக்க வேண்டும். கருவியோடும் கருவியின்றியும் வலை இழுத்து, இரண்டு பாட்டையும் அவர் கண்ணெதிரே எடை போட வேண்டும். கருவியை இலவசமாகத் தந்து, குறையும் இறாலுக்கு அரசு ஈடு செய்ய வேண்டும். இக்கருவி பயன்படாத காரணத்தால் நம் கடல் இறாலை வாங்குவதை அமெரிக்கா 2019-ல் நிறுத்தியது. அந்த இழப்பை நோக்க இச்செலவு பெரிதன்று.

நம் வயலிலும் பூச்சிமருந்து தெளித்தால் நன்மை செய்யும் சிலந்தியும் பொறிவண்டும் சேர்ந்தே மடிகின்றன. வேண்டியதைப் பிடித்து வேண்டாததை விட்டுவிடுவதே நல்ல கருவி. அது கடலுக்கும் பொருந்தும், கழனிக்கும் பொருந்தும்.