விசாரித்துப் புறப்படுவோம்

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் தோட்டத்து லயங்களிலும் பட்டினத்து வீடுகளிலும் ஒரே கேள்விதான் எழுகின்றது. "இம்முறை எங்கே போகிறோம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கதிர்காமம் என்கிறார் பாட்டனார். கொழும்பு என்கிறான் மூத்தவன். பணத்துக்கு எங்கே போவது என்கிறாள் தாய். முடிவில் ஓரிடத்துக்கும் போகாமலே விடுமுறை கழிந்துவிடுகின்றது.

'உள்ளூர் மருந்து உள்ளூரில் விலைபோகாது' என்பார்கள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வாழும் எமக்கு இது முற்றிலும் பொருந்தும். கடல் கடந்து வருகிறவர்கள் பணம் கொடுத்துப் பார்க்கும் இடங்கள் இரண்டு பஸ் மாறினால் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால், அவை எங்கே இருக்கின்றன, எந்நாளில் திறந்திருக்கும், எப்படிப் போவது என்று நாம் விசாரிப்பதில்லை.

விசாரியாமற் போவதன் நட்டத்தை நாமும் ஒருமுறை அனுபவித்தோம். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் குடும்பமொன்றுடன், சிறுவர் நால்வரையும் அழைத்துக்கொண்டு, விடியுமுன்னரே புறப்பட்டு ஒரு காட்சிச்சாலையின் வாசலை அடைந்தோம். கதவு பூட்டியிருந்தது. அன்று விடுமுறை தினம் என்று காவலாளி சொன்னார். அவர்மீது பிழையில்லை, கேளாமற் சென்ற எம்மீதே பிழை. கட்டிக்கொண்டு போன சோற்றைப் பஸ் நிலையத்து வாங்கில் அமர்ந்து உண்டுவிட்டுத் திரும்பினோம். பால்வெட்டுத் தொழில் செய்யும் அப்பிள்ளைகளின் தந்தை, பெயர் விழாத அந்த ஒருநாட் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவே எமக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஒரு நாள் என்பது சிறிய பொருளன்று. ஆகவே, அந்த ஒரு நாளை வீணாக்காத சில இடங்களை இங்கே குறிப்பிடுகிறோம்.

கேகாலைப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலிற் பார்க்கவேண்டியது பின்னவல யானைகள் சரணாலயம். கேகாலையிலிருந்து றம்புக்கனைக்குச் செல்லும் வீதியில் இது அமைந்துள்ளது. 1975ஆம் ஆண்டில், தாயை இழந்த ஐந்து குட்டிகளுடன் இது ஆரம்பமாயிற்று. காலையிலும் பிற்பகலிலும் யானைகள் கூட்டமாக மா ஓயாவுக்கு நீராடச் செல்லும். அந்த நேரத்தை முன்னரே கேட்டறிந்து போனால்தான் பயணம் முழுமை பெறும். உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் குறைவு. சிறுவருக்கு அதனினும் குறைவு.

எம்பிலிப்பிட்டிப் பக்கத்தவர்களுக்கு உடவளவையில் வேறொரு நிலையம் உண்டு. 1995இல் தொடங்கிய இந்த யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்தில் குட்டிகளைத் தொடவோ அருகே செல்லவோ விடமாட்டார்கள். பால் ஊட்டும் வேளையில் சற்றுத் தூரத்தில் நின்றே பார்க்கலாம். காரணம், அவை வளர்ந்ததும் மீண்டும் காட்டுக்கே அனுப்பப்படுகின்றன; மனிதருடன் பழகிய யானை காட்டில் நிலைப்பது கடினம். ஒன்றில் யானை எம்முடன் வாழ்கிறது. மற்றதில் எம்மை மறந்து வாழப் பழக்கப்படுகிறது. இவ்விரண்டில் எது நல்லது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே ஒரு நல்ல விவாதம் நடந்துவிடும்.

இரத்தினபுரி நகருக்கு வருவோம். எகலப்பொல சப்ரகமுவையின் திசாவையாக இருந்த காலத்தில் வசித்த வளவில், 1988 முதல் தேசிய அருங்காட்சியகம் இயங்கி வருகின்றது. மாணிக்கக் குழிகளை நம் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால், அக்குழிகளின் ஆழத்தில் 'இல்லம்' எனப்படும் பரல்மண்ணைத் தோண்டியபோது, மாணிக்கத்துடன் காண்டாமிருகம், நீர்யானை, சிங்கம் ஆகியவற்றின் பற்களும் எலும்புகளும் கிடைத்தன என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? இன்று இலங்கைக் காடுகளில் இல்லாத இவ்விலங்குகள் ஒரு காலத்தில் எங்கள் ஆற்றங்கரைகளில் உலாவின. பாடப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும் செய்தி, கண்ணாற் கண்டால் மறக்காது.

நகருக்கு அண்மையிலுள்ள மகா சமன் தேவாலயத்தையும் தரிசிக்கலாம். அங்கே பத்தினித் தெய்வத்துக்கும் சந்நிதி உண்டு. நாம் கண்ணகி என்று போற்றும் தேவியையே சிங்கள மக்கள் பத்தினி என்று வணங்குகிறார்கள். கண்ணகிக்குச் சேரன் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அயலவரின் தெய்வம் எமக்கு அந்நியமன்று என்பதை ஒரு பிள்ளை சிறுவயதில் உணர்வது, பின்னாளில் நூறு பிரசங்கங்களைக் கேட்பதினும் மேலானது.

குருவிட்டைப் பகுதியில் போபத் எல்ல என்னும் நீர்வீழ்ச்சி இருக்கின்றது. அரச இலை வடிவில் விரிந்து விழுவதால் அப்பெயர் பெற்றது. அதே பகுதியில், காட்டுவழியே ஏறிச் செல்லவேண்டிய பட்டதொம்பலென என்னும் குகை, ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் வாழ்ந்த இடம். நடக்க வலுவுள்ள மாணவருக்கே இது உகந்தது, கைக்குழந்தையுடன் போகவேண்டாம்.

அருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சப்ரகமுவையில் மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை கடுமையானது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்கும். மலைமேற் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கும். 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோன துயரத்தை நாம் மறக்கலாகாது. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வரட்சிக் காலமே அருவி பார்க்க ஏற்றது. அப்போதும், ஊரார் இறங்காத தடாகத்தில் நாம் இறங்கலாகாது.

இவற்றையெல்லாம் எப்படி விசாரிப்பது? 1919 என்ற தொலைபேசி இலக்கத்தில் அரசாங்கத் தகவல் நிலையம் தமிழிலும் விடை கூறும். வெள்ளம், மண்சரிவு பற்றிய ஐயத்துக்கு 117இல் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கின்றது. பாடசாலை ஆசிரியரும் நூலகரும் மகிழ்ந்து உதவுவர். எல்லாரினும் மேலாக, அவ்வழியே நாள்தோறும் போய்வரும் பஸ் நடத்துநரைக் கேளுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை அவரைவிடச் சரியாகச் சொல்பவர் இல்லை.

விசாரிக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள மூத்த பிள்ளையிடமே ஒப்படையுங்கள். தொலைபேசியில் மரியாதையாகப் பேசவும், பெயர்ப்பலகையிலுள்ள சிங்களத்தைப் பெற்றோருக்குப் படித்துச் சொல்லவும், பஸ் கட்டணத்தைக் கூட்டிப் பார்க்கவும் அவன் அல்லது அவள் பழகிக்கொள்வதே பாதிக் கல்வி. ஓர் அப்பியாசப் புத்தகத்தில் இடம், திறக்கும் நாள், கட்டணம், கடைசி பஸ் என்று நான்கு பத்திகள் கீறி எழுதி வைக்கட்டும். அடுத்த விடுமுறையில் அது பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கும் உதவும்.

நம் முன்னோர் இம்மலைகளைத் திருத்தித் தேயிலையும் றப்பரும் நட்டார்கள். மலையைச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, விடுவாரும் இல்லை. அவர்கள் உழைத்த மண்ணை அவர்களுடைய பேரப்பிள்ளைகளாவது கண்ணாறக் காணட்டும். தாய்மாரே, சோற்றைக் கட்டுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "இன்று திறந்திருக்குமா?"