மின்தடைக்குப் பின் திறக்காத கணினி: எமது ஆவணங்கள் எதில் தங்கியிருக்கின்றன?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. கொழும்பின் பெரிய நிறுவனங்களுக்கு இது புதிய கணினிகளுக்கான ஒரு கொள்வனவுப் பட்டியல் மட்டுமே. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இயங்கும் மகளிர் சங்கங்களுக்கும், மீனவர் சங்கங்களுக்கும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கூடும் சிறிய அலுவலகங்களுக்கும் நிலைமை அப்படியல்ல. அங்கு யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்த கணினிகளே அதிகம். விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் அவற்றில் பெரும்பாலும் இருக்காது. பணம் செலவழிக்காமல் தொடர்வதானால் எஞ்சும் வழி லினக்ஸ்.

லினக்ஸுக்குக் காசு தேவையில்லை. ஆனால் அதற்கென்று ஒரு நோய் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் மாறுவது ஆபத்து.

நலன்புரிப் படிவங்களில் ‘தங்கிவாழ்வோர்’ என்றொரு கட்டம் இருக்குமே, மென்பொருளுக்கும் அப்படி ஒன்று உண்டு. குருமண்வெளியில் நிற்பவர் வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகப் பாதை வேண்டும். பாதைக்கு இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு எண்ணெய் வேண்டும். லினக்ஸில் ஒரு செயலி வேறு பத்துப் பொதிகளில் தங்கியிருக்கும். அவை ஒவ்வொன்றும் இன்னும் சிலவற்றில். குறிப்பிட்ட பதிப்புத்தான் வேண்டும் என்றும் கேட்கும். ஒன்று பிசகினால் மற்றவை நிறுவ மறுக்கும்.

எமது பகுதியில் இது பிசகுவதற்கு இலகுவான காரணம் மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மோதியதாகச் சொல்லப்பட்டு நாடே இருளில் மூழ்கியது. இற்றைப்படுத்தல் பாதி வழியில் நிற்கும்போது மின்சாரம் போனால், பொதிகள் பிரிக்கப்பட்டும் அமைக்கப்படாமலும் அந்தரத்தில் தொங்கும்.

டெபியன், உபுண்டு வகைகளில் இதைச் சரிசெய்வது பலர் நினைப்பதுபோல் கடினமல்ல. அடுத்த தடவை எதையாவது நிறுவ முயலும்போது, ‘டிபிகேஜி’ இடைநடுவில் நின்றுவிட்டது என்று திரை சொல்லும். ஓடவிட வேண்டிய கட்டளையையும் அதுவே எழுத்துக்கு எழுத்துக் காட்டும். அதை அப்படியே தட்டச்சிட வேண்டும். அதன் பின்னும் முரண்டு பிடித்தால், ‘அப்ட்’ கருவியின் ‘ஃபிக்ஸ் புரோக்கன்’ தெரிவு விடுபட்டவற்றைத் தேடி எடுக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். எவற்றையெல்லாம் அகற்றப்போகிறேன் என்று அது ஒரு பட்டியல் காட்டும். அதை வாசிக்காமல் ‘வை’ அழுத்துபவர்கள் திரைப்பலகை முழுவதையும் இழந்திருக்கிறார்கள். பட்டியல் நீளமாக இருந்தால் ‘என்’ அழுத்திவிட்டு, யாரோ எப்போதோ சேர்த்த வெளிக்களஞ்சியம் ஏதாவது பட்டியலில் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். காலாவதியான டெபியன் பதிப்பாக இருந்தால் அதன் பொதிகள் ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டிருக்கும். பழைய முகவரியில் எத்தனை தரம் தேடினாலும் கிடைக்காது.

கடைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: “போர்மட் அடிப்போம்.” பொதிகள் முரண்படுவதால் ‘ஹோம்’ கோப்புறையில் உள்ள ஆவணங்கள் அழிவதில்லை. அவற்றை அழிப்பது அந்தப் போர்மட்தான். பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி ஆவணங்களைப் பிரதி எடுத்த பிறகே வேறெதையும் செய்ய வேண்டும்.

அந்த ஆவணங்கள் என்னவென்று யோசித்தால் இதன் பாரம் புரியும். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018 முதல் காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒரே சாட்சியத்தைத் தாய்மார் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர் அமைப்புகளிடம் இருக்கும் பிரதி, அவர்கள் சொன்னதற்கு அவர்களிடமே இருக்கும் ஆதாரம்.

அரசிடம் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்பவர்கள் 2023 ஓகஸ்ட் மாதத்தை நினைவில் கொள்ளட்டும். லங்கா அரச முகிலின் மின்னஞ்சல் தொகுதி கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவேயில்லை. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013இல். அதற்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. வலையமைப்புக்கு வெளியே காப்புப் பிரதியும் இல்லை. நிதிப் பற்றாக்குறை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதே அரசுதான் இப்போது எல்லோருக்கும் டிஜிட்டல் அடையாள அட்டை என்கிறது. எந்த மென்பொருளில், எத்தனை ஆண்டு ஆதரவுடன் என்று கேட்பது எமது உரிமை.

இந்த நாட்டில் திறமை இல்லாமலில்லை. 2004 சுனாமி கல்லடியையும் நாவலடியையும் வாரிச் சுருட்டிய சில நாட்களுக்குள், இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருளைக் கட்டினார்கள். காணாமல் போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய உருவான அது, பின்னர் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் ஹெய்ட்டிக்கும் போனது. அதன் பிந்திய வடிவமான சஹானா ஈடன் பைதான் மொழியில் எழுதப்பட்டது. பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதி முடிந்தது. அந்தக் கால நிறுவல் ஒன்றை இன்று புதிய கணினியில் ஏற்ற முயல்பவருக்கு முதலில் கிடைப்பது தங்கியிருத்தல் பிழைச் செய்தி. பராமரிக்க ஆளுக்குச் சம்பளம் கொடுக்காத நன்கொடை எல்லாம் இப்படித்தான் முடிகிறது.

இற்றைப்படுத்தலிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கை வைக்க முடியாது. 2024 மார்ச்சில், ‘எக்ஸ்இசட்’ என்ற சிறிய பொதிக்குள் யாரோ இரண்டு ஆண்டுகளாக நல்லவராக நடித்துப் பின்கதவு வைத்தது வெளிப்பட்டது. டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்கு அது வந்துவிட்டது. நிலையான பதிப்புக்கு வரவில்லை. சிறிய அலுவலகங்களுக்கு நிலையான பதிப்பே போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு விடயம் மிச்சம். எமது பழைய சாட்சியங்களில் கணிசமானவை பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் தாய் சொன்ன கதை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இதுவும் ஒரு தங்கியிருத்தல்தான். ஆனால் இதற்கு எந்தக் கட்டளையும் பிழைச் செய்தி காட்டாது. மாறுவதற்கு முன் எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். ஆறுதலாக, ஆவணம் ஆவணமாக ஒருங்குறிக்கு மாற்றுங்கள். பெயர்களையும் திகதிகளையும் மூலத்தோடு ஒப்பிட இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.