புருஷ சூக்தமும் பிரசுரக்காரரும்

ரிக் வேதத்திலே கிறிஸ்து பெருமான் முன்னறிவிக்கப்பட்டிருக்கிறார் என்று கூறும் துண்டுப் பிரசுரங்கள் எங்கள் தோட்டத்து லயங்களில் வீடு தவறாமல் வழங்கப்படுகின்றன. புருஷ சூக்தத்தில் பலியாகும் புருஷனே இயேசுவாம். முள்முடியும் ஆணிகளும் உயிர்த்தெழுதலும் வேதத்தில் அப்படியே எழுதப்பட்டுள்ளனவாம். யானும் கிறிஸ்தவன். ஆதலின் இதனை மறுக்கும் கடமை பிறரினும் எனக்கே முதற்கண் உரியது.

புருஷ சூக்தம் ரிக் வேதத்தின் 10-ஆம் மண்டலத்து 90-ஆவது பாடல். செய்யுட்கள் 16. ஆயிரந் தலையும் ஆயிரங் கண்ணுமுடைய பெரும் புருஷனைத் தேவர்கள் வேள்விப் பொருளாக்குகின்றனர். அவன் மனத்தினின்று சந்திரனும் கண்ணினின்று சூரியனும் தோன்றுகின்றன. உலகம் உண்டான வகையைச் சொல்லும் பாட்டு அது. பாவமன்னிப்பு என்ற பேச்சே அதில் இல்லை. முள் இல்லை, ஆணி இல்லை, கல்லறையும் இல்லை.

ஆனால் வேறொன்று இருக்கிறது. 12-ஆம் செய்யுளைப் பிரசுரக்காரர் ஏன் அச்சிடுவதில்லை? புருஷனின் வாய் பிராமணன், தோள்கள் அரசன், தொடைகள் வைசியன், பாதங்களினின்று பிறந்தவன் சூத்திரன் என்கிறது அது. புருஷன் கிறிஸ்துவே என்றால், நால் வருணமும் கிறிஸ்துவின் திருமேனியினின்றே வந்தன என்று ஒப்பவேண்டுமன்றோ? சாதிக் கொடுமை தாளாது சிலுவையின் நிழலை நாடியவனுடைய பேரனிடம் போய், ‘உன் பாட்டனை மிதிக்க உதவிய பாட்டே உன் இரட்சகரின் ஜாதகம்’ என்று சொல்லத் துணிகிறீர்களா? கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் பேதமில்லை என்று கலாத்தியருக்கு எழுதிய பவுல் அடிகள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்!

இவ்வாதத்திற்கு அறிஞர் துணை இல்லாமலில்லை. வங்கத்துப் பிராமண குலத்தில் பிறந்து 1832-இல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ணமோகன் பானர்ஜி, ‘ஆரிய சாட்சி’ எனப் பொருள்படும் ஆங்கில நூலை 1875-இல் வெளியிட்டார். பிரசாபதி தன்னையே பலியாக அளித்தான் என்னும் பழங்கதையைக் கிறிஸ்துவின் சாயலாகக் கொண்டவர் அவர். மூலநூல்களைக் கற்றே வாதித்தார். அவரோடு மாறுபடலாம், பழித்தல் ஆகாது. நம் பிரசுரக்காரரோ அவர் தோளிலேறி நின்று, மூலத்தில் இல்லாத ஆணிகளை அடிக்கின்றனர்.

இல்லாததைச் சேர்ப்பதன் பலனுக்குப் புதுச்சேரியே சாட்சி. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு யேசு சபைப் பாதிரிமாரிடையே ‘எசூர் வேதம்’ என்றொரு நூல் பிறந்தது. வியாசரோடு ஒரு முனிவர் உரையாடி, விக்கிரக வணக்கத்தை மறுத்து, ஒரே கடவுளை நாட்டுவதாக அமைந்தது. 1760-இல் அதன் பிரதி வால்டேர் கையிற் சேர்ந்தது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி. விவிலியத்தினும் பழைய ஏகதெய்வ ஞானம் இந்தியாவில் இருந்தது என்று காட்டித் திருச்சபையைத் தாக்க அதனையே ஆயுதமாக்கினார்! 1778-இல் அச்சாயிற்று. நான்கே ஆண்டில், இது பாதிரி ஒருவர் எழுதியது என்று சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரர் வெளிப்படுத்தினார். பின்னர், திருக்குறளுக்கு ஆங்கில உரை கண்ட எல்லிஸ் துரை புதுச்சேரிக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையும் 1822-இல் வெளிவந்தது. யான் கிராணி, செக்ரோலில் வராதவன் பெயரொன்று புகுந்தால், வந்தவர் கூலிக்கும் என்ன நேரும் என்பதை அறிவேன்.

ஏதென்ஸ் நகரிலே பவுல் கிரேக்கப் புலவர் வாக்கை எடுத்தாளவில்லையா என்பர். எடுத்தாண்டார்; புலவர் வாக்கு என்றே சொல்லி எடுத்தாண்டார். இல்லாத அடியை அவர் இயற்றிச் சேர்க்கவில்லை.

நமக்கென ஏசாயா 53-ஆம் அதிகாரம் உண்டு. அங்கே துன்புறும் ஊழியன் இஸ்ரவேல் மக்களே என்பர் யூதர் பலர். கிறிஸ்து என்போம் நாம். வழக்குத் தீரவில்லை. ஆயினும் பத்திரம் பழையது. 1947-இல் சாக்கடலோரக் குகையிற் கிடைத்த ஏசாயாச் சுருள் கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய நூறாண்டு முந்தியது. அவ்வதிகாரம் அதில் இருக்கிறது. எதிர்வாதியும் அதனைப் படித்துப் பார்க்கலாம்.

பிரசுரம் வழங்கும் அன்பர்களே, அடுத்த பதிப்பில் அந்த 12-ஆம் செய்யுளையும் அச்சிட்டு, எங்கள் லயத்து வாசலில் நின்று பொருள் சொல்வீர்களா?