தண்ணி ஊத்தாம ஆறு மாசம் மீன் தொட்டி ஓட்டிப் பாருங்க!

நம்ம வீடியோல எனக்குப் பின்னாடி நீலக் கலர் வெளிச்சத்துல ஒரு மீன் தொட்டி தெரியும். டேர்ம் இன்ஷூரன்ஸ் பத்திப் பேசினாலும் சரி, பழைய வரி முறையா புது வரி முறையான்னு பேசினாலும் சரி, "சார், அந்தத் தொட்டிக்கு எவ்வளவு ஆச்சு?"ன்னு ஒருத்தராவது கேட்டுடுவாங்க. இத்தனை நாள் சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

போன மாசம் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். ஐடி வேலை, கைக்கு 38,000 சம்பளம். ஆசைப்பட்டு கடல் தண்ணித் தொட்டி வெச்சிருக்கார். நாலே மாசத்துல எல்லா மீனும் செத்துப் போச்சு. "சாமான் எல்லாம் சும்மா கிடக்கு சார். பார்க்கவே கஷ்டமா இருக்கு. மறுபடி ஆரம்பிக்க 40,000 பர்சனல் லோன் எடுக்கலாமா?"ன்னு கேட்டிருந்தார்.

எடுக்காதீங்க தம்பி. இவ்வளவுதான் பதில். ஆனா ஏன்னு சொல்லணும்னா நான் ரெண்டு தடவை தோத்த கதையைச் சொல்லியாகணும்.

முதல் தொட்டி: மீன் 19 நாள், இஎம்ஐ 12 மாசம்

2019-ல அக்கா பொண்ணு "எனக்கு நீமோவும் டோரியும் வேணும் மாமா"ன்னு கேட்டா. கொளத்தூர்ல கடை கடையா ஏறி இறங்கினேன். தொட்டியும் ஸ்டாண்டும் ஃபில்டரும் 14,000, லைட் 9,000, ஸ்கிம்மர் 8,500, வேவ்மேக்கர் 2,500, உப்பு மணல் பாறை 9,000, மீன் 6,000. மொத்தம் 49,000 ரூபாய். கிரெடிட் கார்டைத் தேய்ச்சு 12 மாச இஎம்ஐயா மாத்திக்கிட்டேன்.

மூணாவது நாளே மீனை விட்டேன். "இந்த பாட்டில் பாக்டீரியாவை ஊத்தினா போதும், உடனே மீன் விடலாம்"னு கடையில சொன்னாங்க. எனக்கும் அவசரம், அதனால நம்பிட்டேன். 19-ஆம் நாள் கடைசி மீனும் மிதந்துச்சு.

நடந்தது இதுதான். மீன் கழிவுல இருந்தும் மிச்சமான தீனியில இருந்தும் தண்ணியில அமோனியா சேரும். மீனுக்கு அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும், அதைக் கொஞ்சம் தாங்கலாம். இந்த ரெண்டு கூட்டமும் பாறையிலயும் மணல்லயும் வளர்ந்து நிலைக்க பொதுவா நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் தொட்டியில உப்புத் தண்ணி ஓடணும், மீன் இருக்கக் கூடாது. பாட்டில் பாக்டீரியா இதை வேகப்படுத்த உதவலாம். ஆனா அமோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோவுக்கு வந்துச்சான்னு டெஸ்ட் பண்ணிப் பார்க்காம மீன் விடறது சூதாட்டம்.

டோரி பத்தியும் சொல்லிடறேன். அந்த நீல மீன் ஒரு அடி வரைக்கும் வளரும். என் தொட்டி இரண்டடி நீளம், சுமார் 100 லிட்டர் தண்ணி. அதுல அதை விட்டதே தப்பு.

மீன் போச்சு, இஎம்ஐ போகல. மாசம் 4,400 சொச்சம். வட்டியும் வட்டி மேல ஜிஎஸ்டியும் சேர்த்து கிட்டத்தட்ட 4,800 ரூபாய் கூடுதலாக் கட்டினேன். காலித் தொட்டிக்கு ஒரு வருஷம் தவணை கட்டின ஆடிட்டர் நான்தான்!

இரண்டாவது தொட்டி: 800 ரூபாயில முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்

2022 ஜனவரியில மறுபடி ஆரம்பிச்சேன். இந்தத் தடவை பொறுமையா ஆறு வாரம் காத்திருந்தேன். ரெண்டு கோமாளி மீன், ஒரு இறால். பழைய சில்லர் ஒண்ணை 12,000க்கு வாங்கினேன். கடல் மீனுக்கு 25, 26 டிகிரி சுகமா இருக்கும். நம்ம ஊர் மே மாசத்துல தொட்டித் தண்ணி சர்வசாதாரணமா 31, 32 போயிடும். 23 மாசம் நல்லா ஓடுச்சு.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். எங்க தெருவுல முட்டிக்கு மேல தண்ணி, காலையிலேயே கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான். தொட்டி இருந்த பிளக் பாயிண்ட் அந்த லைன்ல இல்ல. மழை முழங்கிட்டு இருந்ததால சாயங்காலம் வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்ல. பம்ப் நின்னா தண்ணியில ஆக்சிஜன் குறையும், மீன் மட்டுமில்ல, பாறையில இருக்கற பாக்டீரியாவும் சாகும்.

ராத்திரி முழுக்க நானும் என் மனைவியும் மாத்தி மாத்தி சொம்புல தண்ணியை மொண்டு மேல இருந்து ஊத்திக்கிட்டே இருந்தோம். செல்போன் டார்ச் வெளிச்சத்துல ரெண்டு மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடினது இன்னும் கண்ணுல இருக்கு. மூணு மணிக்கு மேல ரெண்டு பேருமே தூங்கிட்டோம். காலையில ஒண்ணு போயிருந்துச்சு, மத்தியானம் இன்னொண்ணு. கரண்ட் வந்தப்ப தொட்டி நாத்தம் எடுத்துச்சு.

கரண்ட் போனா தானா ஓடற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு 800 ரூபாய். 46,000 ரூபாய் சாமானுக்கும் ரெண்டு உயிருக்கும் அந்த 800 ரூபாயை நான் செலவு பண்ணல. தினமும் கிளையண்ட்டுங்க கிட்ட "எமர்ஜென்சி ஃபண்டு எங்க?"ன்னு கேட்கறது என் வேலை. ஃபண்டு விழுந்தா ஏறும்னு காத்திருக்கலாம். இங்க காத்திருக்க வழியில்ல.

"சாமான் சும்மா கிடக்கே" என்கிற பொறி

ஒரே வாரத்துல எனக்கும் தம்பி மாதிரியே தோணுச்சு. லைட் இருக்கு, சில்லர் இருக்கு, உப்பும் மீனும்தானே வேணும், ஆரம்பிச்சுடலாம்னு. ஆனா அந்த வெள்ளத்துல ஸ்கூட்டரும் ஃபிரிட்ஜும் போயிருந்துச்சு. "முதல்ல ஃபிரிட்ஜ் வாங்குங்க. மீன் எங்கயும் ஓடிடாது"ன்னாங்க என் மனைவி. அதுக்கு அப்புறம்தான் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன்.

அதுவரைக்கும் ரெண்டு தொட்டிக்கும் போட்டது ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்துச்சு. அந்தப் பணம் போனது போனதுதான், கணக்குல எழுதித் தள்ளிட வேண்டியதுதான். மறுபடி ஆரம்பிக்கலாமா வேண்டாமாங்கற முடிவுல அந்த ஒரு லட்சத்துக்கு வேலையே இல்ல. இன்னைக்கு இந்தச் சாமானை வித்தா என்ன வரும்னுதான் பார்க்கணும். எனக்கு எல்லாம் சேர்த்து 15,000க்குக் கேட்டாங்க. அப்ப என் கேள்வி இப்படி மாறிடுச்சு: கையில வரக்கூடிய 15,000-ஐ விட்டுட்டு, புதுசா கொஞ்சம் போட்டு, மாசா மாசம் ஒரு தொகையும் செலவு பண்ண நான் தயாரா?

அந்த மாசத் தொகையைத்தான் யாரும் கணக்குப் போடறதில்ல. 100 லிட்டர் தொட்டிக்கு என்னோட கணக்கு இது:

- உப்பு: வாரம் 10 லிட்டர் தண்ணி மாத்தணும். லிட்டருக்கு சுமார் 37 கிராம்னா வருஷம் 19 கிலோ. எனக்குக் கிலோ 350 விழுந்துச்சு. மாசம் 555.
- தண்ணி: வீட்டு ஆர்ஓ போதாது, எங்க வீட்டு ஆர்ஓல டிடிஎஸ் 80 காட்டுச்சு. ஜீரோவுக்குக் கொண்டுவர ரெசின், கார்ட்ரிட்ஜ். மாசம் 250.
- கரண்ட்: சில்லரோட சேர்த்து ரெண்டு மாசத்துக்கு 160 யூனிட். எனக்கு மாசம் 550. இதனால 500 யூனிட்டைத் தாண்டினீங்கன்னா ஸ்லாபே மாறிடும், உஷார்.
- தீனி, டெஸ்ட் கிட்: மாசம் 350.
- தேய்மானம்: 46,000 ரூபாய் சாமான் அஞ்சு வருஷம் வரும்னு வெச்சா மாசம் 750.

மொத்தம் சுமார் 2,450. கடையில விலை கேட்கறப்ப இந்த நம்பர் எந்த பில்லுலயும் வராது.

தண்ணி இல்லாத தொட்டி

அதனால நான் ஒரு காரியம் பண்ணினேன். ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர் செலவெல்லாம் முடிச்சுட்டு, 2024 பிப்ரவரியில மாசம் 2,450-க்கு ஆறு மாச ஆர்டி ஒண்ணு போட்டேன். தொட்டி ஓடிக்கிட்டு இருந்தா என்ன செலவாகுமோ அதே தொகை. தண்ணியும் இல்ல, மீனும் இல்ல, ஆனா செலவு மட்டும் ஓடுது. ஆறு மாசத்துல ஒரு மாசம் இந்தத் தவணை எனக்குப் பாரமா இருந்தாலும், சாமானை 15,000க்குக் கொடுத்துடறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்.

பாரமா இல்ல. ஆறு மாசத்துல 14,700 ரூபாய் சேர்ந்துச்சு. மறுபடி ஆரம்பிக்க ஆன செலவு: உப்பு 1,400, புது மணல் 1,500, ரெசினும் கார்ட்ரிட்ஜும் 1,200, டெஸ்ட் கிட் 2,200, பேட்டரி ஏர் பம்ப் ரெண்டு 1,600, பம்பை மட்டும் இன்வெர்ட்டர் லைன்ல சேர்க்க எலெக்ட்ரீஷியனுக்கு 1,500, கோமாளி மீன் ஒரு ஜோடி 1,200. மொத்தம் 10,600. மிச்சம் 4,100-ஐ தொட்டியோட எமர்ஜென்சி ஃபண்டா வெச்சிருக்கேன். லோனும் இல்ல, கார்டும் இல்ல.

மறுபடி ஆரம்பிக்கறவங்களுக்கு நாலு விஷயம்:

1. செத்துப்போன தொட்டியோட மணலைத் தூக்கிப் போடுங்க. கறுத்து, அழுகின முட்டை வாசனை வரும், கழுவினாலும் பிரயோஜனம் இல்ல. பாறையை பிரஷ் போட்டுத் தேய்ச்சு மொட்டை மாடி வெயில்ல நல்லாக் காய வெச்சா திரும்பப் பயன்படுத்தலாம். ஆனா பாக்டீரியா எல்லாம் செத்திருக்கும், அதனால நாலு வாரக் கணக்கு மறுபடி முதல்ல இருந்து.
2. ரொம்ப நாள் காய்ஞ்சு கிடந்த தொட்டியில முதல்ல வெறும் தண்ணி ஊத்தி மூணு நாள் கசிவு பாருங்க. உப்பைக் கலந்த அப்புறம் கசிஞ்சா உப்பும் தண்டம்.
3. தண்ணி ஆவியாகிக் குறைஞ்சா நல்ல தண்ணி ஊத்துங்க. உப்பு ஆவியாகாது. நான் ஒரு தடவை உப்புத் தண்ணியே ஊத்தி ஊத்தி அடர்த்தியை 1.025-ல இருந்து எங்கயோ கொண்டு போயிட்டேன்.
4. "பெசன்ட் நகர்ல போய் கேன்ல பிடிச்சுட்டு வந்தா உப்புச் செலவு மிச்சமாச்சே"ன்னு யோசிக்காதீங்க. கரையோரத் தண்ணியில ஊர்க் கழிவெல்லாம் கலந்திருக்கு.

இன்னொரு முக்கியமான விஷயம். யாராவது "உயிருள்ள பவளப் பாறை, சீப்பா தர்றேன்"னு வந்தா ஓடிடுங்க. கடின பவளங்களும் கடல் குதிரையும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். வாங்கறதும் வைக்கறதும் குற்றம். கோமாளி மீன்லயும் பண்ணையில பிறந்ததைக் கேட்டு வாங்குங்க. இதை வளர்க்கற தொழில்நுட்பத்தை நம்ம நாட்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியிருக்கு. கடல்ல பிடிச்ச மீனை விட தொட்டிக்கும் தீனிக்கும் சீக்கிரம் பழகும், சாவும் குறைவு.

அப்ப தம்பி என்ன பண்ணலாம்?

"2,450-ஐ எஸ்ஐபில போட்டா இருபது வருஷத்துல எவ்வளவு ஆகும் தெரியுமா"ன்னு நான் பேசப் போறதில்ல. எல்லாத்தையும் அப்படியே பார்த்தா காபி கூடக் குடிக்க முடியாது. சம்பாதிக்கறதுல கொஞ்சம் சந்தோஷத்துக்குப் போகணும். ஆனா அதுக்கு ஒரு அளவு இருக்கு. ஒரு பொழுதுபோக்கோட மாசச் செலவு கைக்கு வர்ற சம்பளத்துல 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கறது என் சொந்த விதி. 60,000 வாங்கறவருக்கு 2,450 ரூபாய் 4 சதவீதம். தம்பிக்கு அது 6 சதவீதத்துக்கும் மேல. அதோட லோன் தவணையும் சேர்ந்தா?

அதனால தம்பி, ரெண்டு வழி இருக்கு. சாமானை இப்பவே நல்ல விலைக்கு வித்துட்டு ஒரு நன்னீர்த் தொட்டி வைங்க. கப்பி, மோலின்னு அழகா இருக்கும், உப்பும் வேண்டாம் சில்லரும் வேண்டாம். இல்ல, கடல் தொட்டிதான் வேணும்னா சாமானைத் துணி போட்டு மூடி வைங்க. உங்க தொட்டிக்கு மாசம் எவ்வளவுன்னு எழுதுங்க. சம்பளம் ஏறி அது 5 சதவீதத்துக்குள்ள வந்த அப்புறம், எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்காம, அந்தத் தொகையை ஆறு மாசம் ஆர்டில போட்டுப் பாருங்க. முடிஞ்சா ஆரம்பிங்க. முடியலைன்னா அந்தப் பணமாவது உங்க கையில இருக்கும், எந்த மீனும் செத்திருக்காது.

2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்ப எங்க தெருவுல மறுபடி கரண்ட் போச்சு. இருட்டுல ஹால்ல இருந்து "கொர்ர்ர்"னு ஒரு சத்தம். அந்த 800 ரூபாய் பம்ப் தானா ஓட ஆரம்பிச்சிருந்துச்சு. என் மனைவி டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "ரெண்டும் நல்லா இருக்குங்க, வந்து படுங்க"ன்னாங்க.

அந்த ஜோடிதான் இப்ப வீடியோல எனக்குப் பின்னாடி சுத்திக்கிட்டு இருக்கு.

உங்க பொழுதுபோக்கு கேமராவோ, பைக்கோ, மீன் தொட்டியோ, அதோட மாசச் செலவை இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.