பாடை போகும் வழியை யார் வரைவது?

பொதுவெளியை அமைக்கிறபோது ஓவியரும் சிற்பியும் கட்டிடக் கலைஞரும் பொறியாளரும் கூடி உட்கார வேண்டும் என்கிற பேச்சு கருத்தரங்குகளில் அடிபடுகிறது. நல்ல பேச்சுதான். ஆனால் மாதனூரில் நின்று பார்க்கிற எனக்கு ஒரே கேள்வி: அந்த மேசையைச் சுற்றி சேரிக்கு ஒரு நாற்காலி உண்டா, இல்லையா?

தூரமாகப் போக வேண்டாம். பாலாற்றை ஒட்டியே போவோம். 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், ஒரு தலித்தின் உடலைப் பாலத்து மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழி ஆதிக்கச் சாதியாரின் நிலத்துக்குள் இருந்தது. ‘இந்தப் பக்கம் வரக்கூடாது’, அவ்வளவுதான். படம் பிடித்தது நாடெல்லாம் பரவியபிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பாலம் எத்தனை டன் லாரியைத் தாங்கும் என்று கணக்குப் போடாமலா கட்டியிருப்பார்கள்? சேரிப் பிணம் எந்தப் பக்கமாகக் கீழே இறங்கும் என்பதை மட்டும் எவரும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் அங்கே இல்லை.

இன்னொரு கூட்டுப் படைப்பும் நம்ம கண்ணுக்குப் பழகிப்போச்சு. அண்ணலின் சிலையைச் சிற்பி செய்கிறார். விரல் நீட்டி நிற்கிறார் அண்ணல். அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. பாதுகாப்பாம்! சிலையை உடைக்கிறவன் வெளியே திரிகிறான், அரசியல் சட்டம் எழுதியவர் உள்ளே நிற்கிறார். தமிழ்நாட்டுப் பொதுவெளியின் அழகியலைப் பற்றி ஆய்வு செய்கிற மாணவத் தோழர்கள் இந்தக் கூண்டிலிருந்து தொடங்கலாம்.

ஓவியர்கள் வந்தால் மாறிவிடுமா? கண்ணகி நகரைப் பாருங்கள். சென்னைக்குள் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பிடுங்கப்பட்ட குடும்பங்களை 2000 வாக்கில் தொடங்கி அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, சென்னை மாநகராட்சி, ஏசியன் பெயிண்ட்ஸ் மூன்றும் சேர்ந்து அந்தக் குடியிருப்புச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரையவைத்தன. ஓவியங்கள் அழகானவை, மறுக்கவில்லை. குற்றவாளிகளின் இடம் என்று போலீசும் பத்திரிகையும் ஒட்டிய முத்திரையைக் கொஞ்சம் கரைத்தன என்றுகூடச் சொல்வேன். ஆனால் வீடு எங்கே, எத்தனை அகலம், வேலைக்குப் போக எவ்வளவு தூரம் என்பதெல்லாம் முடிவான பிறகு வந்தது தூரிகை. மிச்சமிருந்தது சுவர் மட்டும்தான்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. நொய்டாவில் தலித் பிரேரணா ஸ்தல். கட்டிடக் கலைஞர் ஜெய் காக்திகர், சிற்பி ராம் சுதார். இருவருக்கும் வேலை கொடுத்தவர் மாயாவதி. திறந்த நாள் 2011 அக்டோபர் 14, அண்ணல் பௌத்தம் தழுவிய அதே தேதி. கல்லுக்கு இத்தனை கோடியா, பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாமே என்று கூச்சல் போட்டார்கள். கோயில் கோபுரத்துக்கு இவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. 2012 தேர்தலின்போது கல் யானைகளைத் துணி போட்டு மூடச் சொன்னது தேர்தல் ஆணையம்! எனக்கும் அந்தக் கட்டுமானத்தின் அளவு பற்றி விமர்சனம் உண்டு. ஆனாலும் முதல் கோட்டை எங்கே போடுவது என்று சொன்னது நம்ம குரல். கண்ணகி நகருக்கும் நொய்டாவுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

‘சேரி மக்களுக்கு வடிவமைப்பு என்ன தெரியும்?’ என்பார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் போடுகிற தோழரைக் கேளுங்கள். தோல் எந்தப் பக்கம் இழுபடும், எங்கே தழும்பு, எப்படி வைத்தால் வீணாகாது என்று கையால் தடவியே சொல்லிவிடுவார். இடம், அளவு, பொருள் மூன்றும் தெரிந்த கை அது. விடிகாலையில் கம்பெனி வண்டிக்காக ரோட்டோரம் நிற்கிற பெண்களைக் கேளுங்கள். எந்த முனையில் விளக்கு வேண்டும், கழிப்பறை எங்கே, நிழல் எங்கே என்று எந்தப் பொறியாளரைவிடவும் தெளிவாகச் சொல்லுவாங்க.

மாதனூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு நாம் மனு கொடுக்க வேண்டும். வெறுங்கையோடு போக வேண்டாம். மாணவத் தோழர்கள் அவரவர் சேரியிலிருந்து சுடுகாட்டுக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடந்து போங்கள், அளந்து கொள்ளுங்கள். எங்கே வேலி, யார் நிலம், எங்கே இருட்டு என்று குறித்து வரைந்து அனுப்புங்கள். பென்சில் போதும். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.